போக விடுகிறோம்

பலகையில் ஆங்கிலத்தில் 'புட்' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன், மறுபடியும் குமட்டியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பயிற்சி அறையில் எப்போதும் இருக்கிற வாடைதான். யாரோ கொண்டுவந்த வெங்காயப் பச்சடி, ஏசி ஒழுகி ஊறிப்போன கம்பளம், மார்க்கர் மை, கையில் தேய்த்துக்கொள்கிற சானிடைசர், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மூக்குக்குள் பசைபோல் அப்பிக்கொள்கிறது. நான் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்தேன், தக்காளிச் சாதத்தின் மேல் எண்ணெய் உறைந்து நின்றது, மூடிவிட்டேன். வாந்தி வந்தால் என்ன செய்வது, ஓடிப்போவதற்குக் கழிவறை அடுத்த தளத்தில் இருக்கிறது. வாந்தி எடுப்பதற்கு ஆங்கிலத்தில் 'த்ரோ அப்', மேலே எறி. போன வாரம் அதைச் சொல்லிக்கொடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள், கீழேதானே விழும் மேடம், மேலே எப்படி எறியறது என்றாள் ஃபர்சானா. இன்றைக்கும் முன் வரிசையில் அவள்தான், பேனாவைக் கன்னத்தில் குத்திக்கொண்டு. "புட் அப் வித்," என்றேன், "மூணு வார்த்தை. புட்னா வை, அப்னா மேலே, வித்னா கூட. மூணையும் சேர்த்தா?" வகுப்பில் தமிழ் கூடாது என்பது விதி. சந்தேகம் என்று வந்தால் அவர்களும் தமிழுக்குத்தான் ஓடுகிறார்கள், நானும்தான். "சகிச்சுக்கிறது மேடம்," என்றாள் ஃபர்சானா. சரி. எங்கே வந்தது சகிப்பு? வையில் இல்லை, மேலேயில் இல்லை, கூடவில் இல்லை. மூன்று யோக்கியமான சொற்கள் கூடி நின்றதும் நான்காவதாக ஒன்று முளைக்கிறது, மூன்றில் யாரைக் கேட்டாலும் எனக்குத் தெரியாது என்கின்றன. பதினோரு வருஷமாக இதை அழகு என்று சொல்லிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வினைச்சொல் அப்படியே இருக்கும், பின்னால் ஒட்டுகிற சின்ன வாலை மாற்றினால் போதும், அர்த்தம் முழுக்கப் புரண்டுவிடும், பாருங்கள் எவ்வளவு அழகு என்று. இன்றைக்கு அந்த வால்களைப் பார்த்தால் தரையில் விட்டுப்போன பல்லிவால் மாதிரி இருக்கிறது, உடம்பு எங்கேயோ தப்பித்துப் போய்விட்டது, வால் மட்டும் துடிக்கிறது.

இவர்கள் யாருக்கும் திங்கட்கிழமைக்குப் பிறகு வேலை கிடையாது. இந்த அறையில் அது எனக்கு மட்டும் தெரியும். நினைக்கக்கூடாது, நினைத்தால் முகத்தில் தெரிந்துவிடும் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னையே அதட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனால் நாக்கு போய்ப் போய்ச் சொத்தைப் பல்லைத்தான் தொடுகிறது. செவ்வாய்க்கிழமை நந்தகோபால் கூப்பிட்டார். மனிதவளத் துறைத் தலைவர், நந்து என்றே கூப்பிடுங்கள் என்பார், யாரும் கூப்பிட மாட்டார்கள். கதவைச் சாத்தச் சொல்லி, காபி வரவழைத்து, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார், இந்த அணி மொத்தமும் கலைகிறது, திங்கட்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறோம் என்றார். பிஸ்கட்டைக் காபியில் முக்கினார். அது பாதி கரைந்து உள்ளே விழுந்தது, ஸ்பூனால் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நீங்கதான் ஹெப்சிபா உதவணும். மேனேஜர்ங்க என்ன பேசணும்னு நான் எழுதியிருக்கேன். 'லே ஆஃப்'னு போட்டிருக்கேன், கொஞ்சம் முரடா இருக்கு இல்ல? சாஃப்டா ஏதாவது?" நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து வந்திருக்க வேண்டும். இல்லை, பயிற்றுநர் நான், இது என் வேலை இல்லை சார் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. "'லெட் கோ' போடலாம் சார். வீ ஆர் லெட்டிங் யூ கோ." உங்களைப் போக விடுகிறோம். அவர் கண்ணை மூடி அதை ருசி பார்த்தார். "அடடா. அவங்க போகணும்னு ஆசைப்பட்ட மாதிரியும் நாம சரின்னு விட்ட மாதிரியும் இருக்கு." ஆமாம் சார், அதுதான் அந்த வாலின் வேலை. இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். எதை வேண்டுமானாலும் மறந்துவிடலாம், அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரிகிற சிரிப்பு, விடை தெரிந்த பிள்ளையின் சிரிப்பு. பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார், பிஸ்கட் ஒட்டிய வாயோடு. அன்றைக்கே எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவோம், தாங்களாகவே விலகுவதாக. அப்படி வாங்கிவிட்டால் கம்பெனி எதுவும் தர வேண்டியதில்லை. மென்மையாகப் பேசினால்தான் போடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை வகுப்பு வழக்கம்போல் நடக்கட்டும். கேரி ஆன், ஹெப்சிபா. சுமந்துகொண்டே இரு. சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

"மேடம், புட் டவுன்?" மட்டம் தட்டுவது. "புட் ஆஃப்?" தள்ளிப்போடுவது, அருவருப்பு உண்டாக்குவதும்தான், இடத்தைப் பொறுத்து. என் வாய் சொல்லிக்கொண்டே இருக்கிறது. என் வாய்க்கு நான் தேவையில்லை. அந்த 'லெட் கோ'வை எங்கிருந்து எடுத்தேன் என்பதை நினைத்தால்தான் அடிவயிற்றிலிருந்து புளித்துக்கொண்டு வருகிறது. புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, என் வீட்டு வாசலிலிருந்து எடுத்தேன். என் கணவர் ஞானசிகாமணி ஒருநாள் மத்தியானமே வந்து நின்றார், செருப்பைக் கழற்றாமல், கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல். "தே ஹாவ் லெட் மீ கோ, ஹெப்சி." நான் அடுப்பை அணைத்துவிட்டு, சீக்கிரம் விட்டுட்டாங்களா, நல்லதாப் போச்சு, சாயங்காலம் கோயிலுக்குப் போகலாம் என்றேன். ஆங்கிலம் படித்துக் கிழித்தவள், சொந்தப் புருஷன் சொன்னது புரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், வேலை போய்விட்டது என்று விளக்கிச் சொல்லும் வேலையையும் அவருக்கே கொடுத்தேன். அதற்கப்புறம் எத்தனையோ நாள் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். சட்டைக் கஞ்சி வாசனையும் அவருடைய வியர்வையும் அந்த அறையில் நிற்கும். நான் அப்போதும் அருவருத்தேன், அவரையல்ல என்று சொல்லிக்கொண்டேன், அவரையும்தான். இப்போது பல்லாவரத்தில் டைல்ஸ் கடையில் கணக்கு பார்க்கிறார், வாங்குவது பழையதில் பாதிகூட இல்லை. என் சம்பளத்தில்தான் வீடு நிற்கிறது. அவருடைய வாயிலிருந்து விழுந்த அந்த எச்சிலைத்தான் எடுத்துத் துடைத்து நந்தகோபாலின் மேசையில் வைத்தேன். அவர் அடடா என்றார்.

தமிழில் மட்டும் என்ன, தமிழிலும் வால் உண்டு. வந்தான் என்று விட மாட்டோம், வந்துவிட்டான், வந்துபோனான், வந்து சேர்ந்தான், வந்து தொலைந்தான். ஆனால் நம்முடைய வாலில் மனசு தெரிந்துவிடும். வந்து தொலைந்தான் என்றால் சொல்கிறவனின் முகச்சுளிப்பு வரைக்கும் கேட்கும். இது அப்படி இல்லை. ஆஃப், அவுட், அப், டவுன், சுத்தமாகக் கழுவின கை, கையுறை போட்ட கை. அடிப்பது தெரியாது, ரத்தமும் ஒட்டாது. இல்லை, இதுவும் பொய்தான், மொழியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். மொழி என்ன செய்யும், செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மொழியா? மேசையின் அடியில் விரல் போனது, யாரோ ஒட்டிவைத்த பபிள்கம், இன்னும் இளகலாக இருந்தது. கையைப் புடவையில் துடைத்தேன், போகவில்லை. எதிரே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதாதீர்கள், இது எதற்கும் உதவாது என்று கத்தலாம். கத்தினால் என்ன ஆகும், பத்து நிமிஷத்தில் நந்தகோபாலுக்குப் போய்விடும், திங்கட்கிழமைக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. வீட்டில் கட்டில் ஓரத்தில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறதா? இருக்கிறது. பயம் வந்ததும் குமட்டல் கொஞ்சம் அடங்கியது, அதுவும் எனக்கு அசிங்கமாக இருந்தது, பயம் மருந்து மாதிரி வேலை செய்வது. ஜன்னல் இல்லாத அறை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே தாழ்வாரம், தண்ணீர் மெஷின், அதன் கீழே ஒரு நாளும் காயாத ஈரம். 'டர்ன்' என்று எழுதினேன். டர்ன் அப், வந்து நிற்பது. டர்ன் இன், படுக்கப் போவது, பிடித்துக் கொடுப்பதும். டர்ன் ஆன், டர்ன் ஆஃப். மணி இரண்டரை தாண்டியிருக்கும். இந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் போதும், வெள்ளிக்கிழமை முடிந்துவிடும், அப்புறம் எல்லாம் மேனேஜர்களின் பாடு.

தவசி கையைத் தூக்கினான். விருதுநகர்ப் பக்கத்துப் பையன், இந்த அணியிலேயே வேகமானவன், பேச்சில் மட்டும் கொஞ்சம் தடுக்கும், அதைச் சரிசெய்ய என்னிடம் தினமும் வந்து நிற்பான். "மேடம், ஒரு ஆஃபரை வேண்டாம்னு சொல்லணும்னா டர்ன் ஆஃபா, டர்ன் டவுனா?" பின் வரிசையில் சிரித்தார்கள். "டவுன்," என்றேன். "எந்த ஆஃபர்?" கேட்டிருக்கவே கூடாது. "கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி மேடம். எடுத்துட்டாங்க. இன்னைக்கு மூணு மணிக்குள்ள போன்ல பதில் சொல்லணும். வரலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்." ஏன் என்று கேட்டது நானா, யாராவது கேட்டார்களா, தெரியவில்லை. "இங்கயே டீம் லீடுக்கு என் பேரு போயிருக்குன்னு மேனேஜர் சொன்னாரு மேடம். அப்பாவும் மெட்ராஸை விட்டுராதடான்னாரு." பேர் போயிருக்கிறது, உண்மைதான், எல்லோருடைய பேரும் போயிருக்கிறது. "நேரா 'ஐ வான்ட் டு டர்ன் டவுன் யுவர் ஆஃபர்'னு சொல்லிரலாமா மேடம்?" அப்போது அது நடந்தது. நான் நடத்தவில்லை, பதினோரு வருஷப் பழக்கம் நடத்தியது. "அப்படிச் சொன்னா முரடா இருக்கும் தவசி. கொஞ்சம் சாஃப்டா. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ வில் ஹாவ் டு டர்ன் இட் டவுன்.' இட் நடுவுல வரணும். எங்க, சொல்லுங்க." சொன்னான். 'அஃப்ரெய்ட்' தடுக்கியது. மறுபடி சொல்லுங்க என்றேன். சொன்னான். "எல்லாரும்," என்றேன், கையைத் தூக்கித் தாளம் வேறு போட்டேன், அறை முழுக்க ஒரே குரலில் சொன்னது, பயமாக இருக்கிறது, அதை நான் மறுக்க வேண்டியிருக்கும். "குட்," என்றேன். அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும் நாக்கில் ஏதோ கசந்து வழிந்தது. முரடா, சாஃப்டா. நந்தகோபாலின் அதே சொற்கள், அதே வாய். அவன் கழுத்துக்கான கயிற்றை வழவழவென்று தேய்த்து, இந்தாப்பா, உறுத்தாது என்று நானே கையில் கொடுத்தேன். அவன் "தேங்க்ஸ் மேடம்" என்றான், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"அஞ்சு நிமிஷம் பிரேக்," என்றேன். அவன் பின்னால் போகாமலும் இருக்கலாம். அவன் விதி, அவன் அப்பா சொன்னது, அவன் மேனேஜர் சொன்னது, எனக்கென்ன. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பபிள்கம் கைப்பிடியிலும் ஒட்டியது. போனால் எனக்கும் வேலை போகும், போகாவிட்டால் அவனுக்கு இரண்டு வேலையும் போகும், இந்தக் கணக்கை யார் போடச் சொன்னார்கள். தவசி தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்று உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான், ஐ ஆம் அஃப்ரெய்ட், ஐ ஆம் அஃப்ரெய்ட். விரல் போனின் மேல் இருந்தது. கால் தானாகப் போய்விட்டது. "பண்ணாத," என்றேன்.

"மேடம்?"

"அந்த வேலைக்குப் போ. வரேன்னு சொல்லு."

"ஏன் மேடம்? இங்க டீம் லீடு..."

"டீமே கிடையாது. திங்கட்கிழமை உங்க எல்லாரையும் வேலையை விட்டு எடுக்கறாங்க."

இரண்டு வருஷமாக அவனுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எதையும் அவன் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை. போன் பிடித்திருந்த கை இறங்கியது. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். ஃபர்சானா யாருக்கோ தன் டப்பாவிலிருந்து பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ப்ராக்டிஸ் பண்ண வச்சீங்களே மேடம்," என்றான். குரல் உயரவில்லை. "இப்ப, எல்லார் முன்னாடியும். மறுபடி சொல்லு, மறுபடி சொல்லுன்னு."

மன்னித்துக்கொள் என்று சொல்லலாம், ஆனால் அதையும் நான் அழகாகத்தான் சொல்வேன், எனக்குத் தெரியும், குரலை எந்த இடத்தில் தணிக்க வேண்டும் என்பதுவரை தெரியும். வாயை மூடிக்கொண்டேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி நின்று போன் செய்தான். "எஸ் சார். ஐ வில் கம். எஸ் சார். ஐ வில் ஜாயின்." தடுக்கவில்லை. பேசி முடித்ததும் நேராக அறைக்குள் போனான். நான் மெஷினிலிருந்து தண்ணீர் பிடித்தேன், பிளாஸ்டிக் வாடை அடித்தது, குடிக்க முடியாமல் கையில் வைத்திருந்தேன். படிக்கட்டு இடது பக்கம். இறங்கிப் போய் தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போகலாம், பல்லாவரத்தில் இறங்கி அவரிடம் சொல்லலாம், அவர் என்ன சொல்வார், நன்றாகச் செய்தாய் என்பாரா, உனக்கென்ன பைத்தியமா என்பாரா, இரண்டையும் சொல்லாமல் செருப்பைப் பார்ப்பார். உள்ளே தவசி நின்றுகொண்டு பேசுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை, தலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பின. அத்தனை கண்ணையும் வைத்துக்கொண்டு படியிறங்க முடியவில்லை. தைரியம் என்று நான் அதைச் சொல்ல மாட்டேன்.

உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். யாரும் எழுதவில்லை. "மேடம், தவசி சொல்றது நிஜமா?" என்றாள் ஃபர்சானா. பேரீச்சங்கொட்டை இன்னும் அவள் கையில் இருந்தது, எங்கே போடுவது என்று தெரியாமல்.

"நிஜம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

ஒருவன் சிரித்தான், நம்பாத சிரிப்பு, அது பாதியில் நின்றது. பின் வரிசையில் ஒரு பெண் போனை எடுத்து யாருக்கோ அனுப்பத் தொடங்கினாள். அனுப்பட்டும். நந்தகோபாலுக்கு எப்படியும் போகத்தான் போகிறது, இனிமேல் நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. அதனால் மற்றதையும் சொன்னேன். மென்மையாகத்தான் பேசுவார்கள், காபி கொடுப்பார்கள், போக விடுகிறோம் என்பார்கள், நீங்கள் போகக் கேட்ட மாதிரி இருக்கும், கேட்கவில்லை நீங்கள், பிறகு ஒரு தாளை நீட்டுவார்கள், நானாகவே விலகுகிறேன் என்று இருக்கும், போட்டால் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. "போடாதீங்க," என்றேன். "எவ்வளவு நல்லாப் பேசினாலும் போடாதீங்க. அவங்க பேசப்போற வார்த்தையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அதனால சொல்றேன்." கடைசி வாக்கியம் வந்திருக்க வேண்டியதில்லை. வந்துவிட்டது. ஃபர்சானா என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள், கொட்டையைக் காகிதத்தில் சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். "அவங்க இங்கிலீஷ்லதானே பேசுவாங்க மேடம்," என்றாள். "நாங்க என்ன சொல்லணும்?"

ஐ ஆம் அஃப்ரெய்ட் என்று ஆரம்பிக்க நாக்கு மேலே எழுந்தது. அழுத்திக்கொண்டேன். "'ஐ வில் நாட் சைன்.' அவ்வளவுதான். முன்னாடி பின்னாடி ஒண்ணும் வேண்டாம். சொல்லுங்க."

முதலில் ஃபர்சானா மட்டும் சொன்னாள், அழுகையோடு சொன்னதில் பாதிதான் கேட்டது. பிறகு இரண்டு மூன்று பேர், பிறகு பெரும்பாலும் எல்லோரும், ஆளுக்கொரு வேகத்தில். தவசி சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, சோற்றில் கிடக்கும் எதையோ பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "இன்னொரு தடவை," என்றேன்.